அடியெடுத்துக் கொடுத்தவர்

அவர் பெயரைச் சொல்ல மாட்டேன். சொன்னால் மதிப்புக் கொடுத்தது போல ஆகிவிடும். அந்த மதிப்பை அவர் என்னிடம் ஒருநாளும் சம்பாதிக்கவில்லை. கடையில் நேருக்கு நேர் 'சார்' என்போம், படியிறங்கிப் போனதும் 'முந்திரிக்கொட்டை' என்போம். எதிரே நிற்பவர் வாயைத் திறந்து இரண்டு சொல் பேசுவதற்குள் மூன்றாவது சொல்லை அவர் சொல்லிவிடுவார். அதோடு நிறுத்தினாலாவது சரி என்று விடலாம். முற்றுப்புள்ளி வரைக்கும் போய்த்தான் நிற்பார்.

ஓசூர் பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்துச் சந்தில், மாடியில் அவருடைய கடை. ஒரு பக்கம் இன்டர்நெட் பார்க்கிறவர்களுக்குப் பலகை அடித்த தடுப்புகள், இன்னொரு பக்கம் டிடிபி. டிடிபிக்கு நான்தான். கல்யாணப் பத்திரிகை, கண்ணீர் அஞ்சலி, கோயில் நோட்டீஸ், தொழிற்பேட்டையில் வேலை செய்கிறவர்களின் லீவ் லெட்டர், மெமோவுக்குப் பதில் எல்லாம் நானே எழுதி நானே அடிப்பேன். வருகிறவர்கள் விஷயத்தை மட்டும்தான் கொண்டுவருவார்கள், வாக்கியம் என் பொறுப்பு. ஊரில் பாதிப் பேர் வீட்டுக்குள் தெலுங்கோ கன்னடமோ பேசுகிறவர்கள். மீதியில் பலர் மதுரை, திருநெல்வேலி பக்கமிருந்து கம்பெனி வேலைக்கு வந்தவர்கள். ஒவ்வொருவர் பேச்சையும் காதில் வாங்கி, அவர் சொன்னது கெடாமல் காகிதத்தில் இறக்க வேண்டும். அதை நான் நன்றாகவே செய்தேன், சொல்லிக்கொள்ள எனக்கென்ன கூச்சம்?

சார் பெங்களூரில் ஏதோ ஒரு சாப்ட்வேர் கம்பெனியில் இருந்துவிட்டு வந்தவர். ஏன் விட்டு வந்தார் என்று அவர் சொன்னதில்லை. அங்கேயும் மீட்டிங்கில் மேனேஜர் பேசிக்கொண்டிருக்கும்போது முடித்துவைத்திருப்பார், வேறென்ன? டீக்கடையில் யாராவது "எனக்கு ஒரு..." என்று இழுத்தால் "காபி" என்று மாஸ்டருக்குக் குரல் கொடுத்துவிடுவார். டீ குடிக்க வந்தவர்கள் அவரோடு போனால் காபி குடித்துவிட்டு வருவார்கள். அவர் மனைவி எப்போதாவது கடைக்கு வருவார். வந்தால் அவரிடம் சைகையில்தான் பேசுவார். சாவி வேண்டுமென்றால் விரலைத் திருகிக் காட்டுவார், பசிக்கிறது என்றால் வயிற்றைத் தொட்டுக் காட்டுவார். நல்ல புத்திசாலிப் பெண்மணி. சைகையை யாரும் பாதியில் பிடுங்கிக்கொண்டு போக முடியாதே.

ஒருநாள் பாகலூர் பக்கத்திலிருந்து ஒருவர் மூச்சு வாங்கப் படியேறி வந்தார். வெயில், வியர்வை, கண்ணெல்லாம் சிவந்திருந்தது.

"சார், எங்கப்பாவுக்கு..." என்றார்.

சார் எழுந்து நின்று அவர் கையைப் பிடித்துக்கொண்டார். "புரியுது, புரியுது. நீங்க ஒண்ணும் சொல்ல வேண்டாம். போட்டோ கொண்டாந்திருக்கீங்களா? மேடம், கண்ணீர் அஞ்சலி. கறுப்பு பார்டர்."

வந்தவர் திகைத்துப்போனார். "அய்யோ, என்னாங்க சார் இது? அவருக்கு அறுபதாங் கல்யாணமுங்க. கீழ வண்டியில உக்காந்துனு இருக்கார்."

ஜன்னல் வழியாகப் பார்த்தேன். பெரியவர் வண்டியில் உட்கார்ந்து வேர்க்கடலை உரித்துக்கொண்டிருந்தார். இந்த லட்சணத்தில் இருந்த மனிதர்தான், எழுதுகிறவர்களுக்கு உதவ ஒரு புரோகிராம் செய்யப் போகிறேன் என்று கிளம்பினார்.

அதற்கு 'தோழன்' என்று பெயர் வைத்தார். நான் அடித்துக்கொண்டே போவேன். கை கொஞ்சம் நின்றால் போதும், மீதி வாக்கியம் சாம்பல் நிறத்தில் வந்து முன்னால் நிற்கும். ஒரு கீயை அழுத்தினால் சாம்பல் கறுப்பாகி நம் வாக்கியமாகிவிடும். இதைக் கற்றுக்கொடுக்க, அந்தக் கடையில் அதுவரை நான் அடித்து வைத்திருந்த அத்தனை கோப்பையும் அதற்குத் தின்னக் கொடுத்தார். என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

"எல்லாம் உங்க பாஷைதான் மேடம். உங்களுக்கு நீங்களே ஹெல்ப் பண்ணிக்கிறீங்க" என்று சிரித்தார். பிறகு நாற்காலியை என் பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டு பாடம் நடத்தினார். "எழுதறவங்களுக்கு எது கஷ்டம்? சொல்லுங்க."

"சரியான..." என்று ஆரம்பித்தேன்.

"அடுத்த வார்த்தை! அடுத்த வார்த்தை வராமத்தான் எல்லாரும் பேனாவைக் கடிச்சிட்டு உக்காந்திருக்காங்க. அதைத்தான் நான் தீர்த்துட்டேன்."

நான் சொல்ல வந்தது 'சரியான வார்த்தை' என்று. அது அவருக்குக் கடைசி வரை தெரியாது. அவர் சட்டைப் பையில் எப்போதும் நல்ல பேனா ஒன்று குத்தியிருக்கும். அதை வைத்து நாலு வரி அவர் எழுதி நான் பார்த்ததில்லை. கையெழுத்துப் போடுவார், காது குடைவார். எழுதவே தெரியாத மனிதர் எழுதுகிறவர்களுக்குத் துணை செய்யக் கிளம்பினால் எப்படியிருக்கும்? புலவர்களுக்குக் கடவுள் அடியெடுத்துக் கொடுத்தாராம். ஓசூரில் எனக்கு இவர் எடுத்துக் கொடுத்தார். என் தலையெழுத்து.

வஞ்சகம் இல்லாமல் ஒன்று சொல்லிவிடுகிறேன். முகவரி அடிக்கும்போது அது உதவியாகத்தான் இருந்தது. 'கிரு' என்று தொடங்கினால் 'கிருஷ்ணகிரி மாவட்டம், ஓசூர் வட்டம்' என்று தானாக வந்து உட்காரும். மாவட்டம் பிரிந்த புதிது, பழக்கத்தில் 'தருமபுரி' என்று போட்டுத் திருத்திக்கொண்டிருந்த காலம். அந்த அளவோடு நின்றிருந்தால் நானே அவருக்கு மாலை போட்டிருப்பேன். ஆனால் நிற்கிற ஆளா அவர்?

சானமாவில் ஒரு பெண்ணுக்குக் கல்யாணம். பெண்ணின் அப்பா பத்திரிகைக்கு வந்திருந்தார். சார் தாமே உட்கார்ந்து தோழனை ஓட்டிக் காட்டினார். பெண் ஊர் 'சானமாவு' என்று அடித்துக் கையை எடுத்தார். மீதி சரசரவென்று வந்தது, திரும்பிக்கூடப் பார்க்காமல் கீயை அழுத்திப் பிரிண்ட் கொடுத்துவிட்டார். 'சானமாவு பகுதியில் யானைகள் நடமாட்டம் இருப்பதால் மாலை நேரத்தில் யாரும் தனியாக வர வேண்டாம். தங்கள் நல்வரவை ஆவலுடன் எதிர்பார்க்கும்...' என்று பத்திரிகை வந்தது. முன்னொரு முறை எச்சரிக்கை நோட்டீஸ் ஒன்று நான் அடித்துக் கொடுத்திருந்தேன், அதிலிருந்து உருவி வைத்திருக்கிறது. நல்லவேளை, அது புரூப்தான். அந்த மனிதர் படித்துப் பார்த்து விழுந்து விழுந்து சிரித்தார். "இருக்கட்டுங்க, அதுவும் நெசந்தானே" என்றார். சாருக்கு அதில் சிரிப்பு வரவில்லை. தப்பு தோழனுடையது இல்லையாம், நான் கல்யாணத்தையும் யானையையும் ஒரே இடத்தில் சேமித்து வைத்ததுதான் தப்பாம்.

அன்றைக்கே அவரிடம் கேட்டேன். "சார், நான் கேட்டா மட்டும் அது சொல்லட்டும். அதுக்குன்னு ஒரு கீ வைங்க. அப்புறம், எந்தக் காகிதத்திலிருந்து எடுத்ததுன்னு ஓரத்துல காட்டட்டும். யானை நோட்டீசா, கல்யாணமான்னு பாத்துக்கலாம்ல?"

"கேட்டாத்தான் சொல்லணும்னா அது டிக்‌ஷனரி மேடம். இது தோழன்."

"தோழன்னா பேசாம உக்காந்து கேக்கவும் தெரியணுமே சார். நான் நிறுத்தறது வார்த்தை வராம இல்ல. எது சொல்லலாம்..."

"எது சொல்லலாம்னு தெரியாம. அதேதான். அதுக்குத்தான் இது!"

சுவரில் போய் முட்டிக்கொள்ளலாம். எது சொல்லலாம், எது வேண்டாம் என்று நான் பார்க்கிற நேரம் அது. அந்த நேரத்துக்குள்தான் எழுத்து இருக்கிறது. அவருக்கு அது வெற்றிடம். வெற்றிடத்தைக் கண்டால் அவருக்குக் கை அரிக்கும். வேறு வழியில்லாமல் என் கம்ப்யூட்டரில் தோழனை அணைத்துவைப்பேன். மறுநாள் காலை நான் வருவதற்குள் மறுபடி போட்டுவைத்திருப்பார்.

இதெல்லாம் எரிச்சல்தான். அவரை நான் வெறுக்க ஆரம்பித்தது மாதேஷ் விஷயத்தில்.

மாதேஷ் தேன்கனிக்கோட்டை பக்கத்துப் பையன். பிரஸ் ஷாப் ஒன்றில் ஆபரேட்டர். தகட்டை வைத்தால் பிரஸ் இறங்கி வெட்டிவிட்டு மேலே போகும், தகட்டை வைப்பதும் எடுப்பதும் அவன் கை. வீட்டில் தெலுங்கு, படித்ததும் தெலுங்கு மீடியம். தமிழ் பேசுவான், ஆனால் படிப்பது எழுத்துக் கூட்டித்தான். அதனால் லீவ் லெட்டருக்குக்கூட என்னிடம்தான் வருவான். பேச்சில் நடுநடுவே நின்றுவிடுவான். தரையைப் பார்ப்பான், பிறகு அடுத்த சொல்லைச் சொல்வான். சொன்ன சொல்லை மாற்ற மாட்டான். அவனுக்கு எழுதுவது எனக்குப் பிடிக்கும், அவன் சொன்னதை அப்படியே இறக்கினாலே போதும்.

அந்த முறை அவன் ஒரு மெமோவோடு வந்திருக்கிறான். ஓடிக்கொண்டிருந்த பிரஸ்ஸை வேண்டுமென்றே நிறுத்தி உற்பத்தியைக் கெடுத்தாய், உடனே விளக்கம் கொடு என்று கம்பெனி கேட்டிருந்தது. அன்று பார்த்து, என் தம்பிக்குப் பெண் பார்க்க நாங்கள் எல்லோரும் சாமல்பட்டி போயிருந்தோம். மாதேஷுக்கு எழுதிக் கொடுத்தது சார். மறுநாள் நான் உள்ளே நுழைந்ததுமே பெருமையாகச் சொன்னார். "நேத்து நீங்க இல்லாமலே ஒரு மெமோ ரிப்ளை போட்டேன் மேடம். வாங்கி வெச்ச டீ ஆறல, பிரிண்ட் வந்துடுச்சு."

"யாருக்கு சார்?"

"அந்த மெதுவாப் பேசுவானே, அந்தப் பையன். பாதிதான் சொன்னான். மீதி தோழன்."

கொஞ்ச நாள் கழித்து மாதேஷ் வந்தான். கையில் அந்தப் பதிலின் நகல்.

"அக்கா, இதக் கொஞ்சம் படிங்க. நான் என்னாமோ எழுதிக் குடுத்துட்டன்னு சொல்றாங்க."

வாய்விட்டுப் படித்தேன். பிரஸ்ஸை நிறுத்தினேன் என்பது வரைக்கும் அவன் பேச்சு தெரிந்தது. அதற்கு மேல் இப்படிப் போனது: 'இது என்னுடைய கவனக்குறைவால் நேர்ந்தது. குடும்பச் சூழ்நிலை காரணமாக மனம் ஒரு நிலையில் இல்லை. பெரிய மனது வைத்து மன்னித்தருளுமாறு கேட்டுக்கொள்கிறேன். இனி எக்காரணம் கொண்டும் இவ்வாறு நடக்காது என உறுதியளிக்கிறேன்.'

அது என் வாக்கியம். குடித்துவிட்டு வேலைக்குப் போய், மெஷின் ஓடிக்கொண்டிருக்கும்போதே தூங்கிப்போன ஒருவனுக்கு, அவன் அழுது கேட்டதற்காக நான் எழுதியது. அவனுக்கு அது பொருந்தும், அவன் நிஜமாகவே தப்புப் பண்ணியவன். எங்கள் ஊரில் மெமோவுக்குப் பதில் என்றாலே மன்னிப்புதான் என்றாகிவிட்டிருந்தது. யார் பண்ணியது சரியோ தப்போ, வேலை போகாமல் நின்றால் போதும் என்று கேட்டு வாங்கிக்கொண்டு போவார்கள். நானும் அப்படியே வரிசையாக அடித்து வைத்திருந்தேன். அதையெல்லாம் தின்ற புரோகிராம் வேறு எதைக் கக்கும்?

"எங்க வூட்ல என்னாக்கா சூழ்நிலை?" என்றான் மாதேஷ். அவனுக்கு அதுதான் முதலில் உறைத்திருக்கிறது. "எல்லாம் நல்லாத்தான கீறாங்க."

"நீ என்ன சொன்ன அவர்கிட்ட?"

"சென்சார்ல ஒயர் சுத்தி வெச்சிட்டாங்கக்கா, பீஸ் அதிகம் வரட்டும்னு. கை உள்ள போனாலும் பிரஸ் நிக்காது. அதனால நிறுத்தனன்னு சொன்னன்." சென்சார் என்ற சொல்லே அந்தப் பதிலில் இல்லை. மாதேஷ் தரையைப் பார்த்தான். "அப்புறம் ஒண்ணு சொல்லணும்னு கொஞ்சம் யோசிச்சன். அதுக்குள்ள முடிஞ்சிடுச்சுன்னு குடுத்துட்டார். கையெழுத்துப் போட்டுட்டன்."

"என்ன சொல்ல யோசிச்ச?"

"மறுபடி அப்படி இருந்தா, மறுபடியும் நிறுத்துவன்னு."

சார் தம்முடைய கண்ணாடித் தடுப்பிலிருந்து எட்டிப் பார்த்தார். "என்னப்பா, வேலை..."

"நிக்குது சார்."

"பாத்தீங்களா மேடம்? வேலை நின்னுச்சு. வேற என்ன வேணும் அவனுக்கு?"

மாதேஷ் அவருக்கும் அமைதியாகவே பதில் சொன்னான். "அதே பிரஸ்லதான் சார் நிக்கிறன். சென்சார் இன்னும் அப்படியேதான் கீது. நிறுத்தப்போனா சூப்பர்வைசர் இந்தப் பேப்பரக் காட்டறார். எக்காரணம் கொண்டும்னு நீயே எழுதிக் குடுத்துட்டியேன்றார்."

என்னை அறியாமல் அவன் கையைப் பார்த்தேன். விரல்கள் எல்லாம் இருந்தன. அவன் நாளைக்கும் அந்தக் கையை அதற்குள் விட்டுத்தான் ஆக வேண்டும்.

"உட்காரு மாதேஷ்" என்றேன். தோழனை அணைத்தேன். புதிதாக ஒரு பக்கம் திறந்தேன். "இப்போ சொல்லு. அவசரமில்ல."

அவன் சொன்னான், நின்றான், சொன்னான். சார் எழுந்து வந்து என் முதுகுக்குப் பின்னால் நின்றுகொண்டார். ஒவ்வொரு முறை மாதேஷ் நின்றபோதும் அவருக்கு மூச்சு முட்டியது. "அதாவது..." என்பார். "என்ன சொல்றான்னா..." என்பார். கடைசி வரிக்கு வந்தபோது மாதேஷ் ரொம்ப நேரம் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான். 'மறுபடியும் நிறுத்துவேன்' என்று ஒருவன் கையெழுத்துப் போட்டுக் கொடுப்பது சாதாரணமா? அது வேலையைத் தூக்கித் தராசுத் தட்டில் வைப்பது. அதை எடைபோடுகிறான் பையன்.

"மேலாளர் அவர்கள் தயவுகூர்ந்து..." என்று சார் ஆரம்பித்தார்.

"சார், கொஞ்சம் வாயை மூடுறீங்களா?" என்றேன். இன்டர்நெட் தடுப்புகளிலிருந்து தலைகள் எழும்பின. அவரிடம் நான் அப்படிப் பேசியது அதுதான் முதல் முறை.

மாதேஷ் நிமிர்ந்தான். "போடுங்கக்கா. மறுபடி ஒயர் சுத்தியிருந்தா, மறுபடியும் நிறுத்துவன்." போட்டேன். முதலில் கொடுத்தது தன் பேச்சில்லை என்றும் ஒரு வரி சேர்க்கச் சொன்னான், சேர்த்தேன். அவனுக்குப் படித்துக் காட்டினேன். இரண்டு முறை தலையாட்டிக் கேட்டுவிட்டுக் கையெழுத்துப் போட்டான். தெலுங்கில்தான் போடுவான், உருண்டையாக அழகாக இருக்கும்.

கம்பெனிக்காரன் சும்மா இருப்பானா? இதுவும் உன் கையெழுத்து, அதுவும் உன் கையெழுத்து, இதில் எது பொய் என்று கேட்டான். ஒரு புரோகிராம் எழுதியது என்று மாதேஷ் சொன்னபோது, விசாரணை அறையில் இருந்தவர்கள் எல்லோரும் சிரித்தார்களாம். மன்னிப்புக் கேட்டுவிட்டு மாற்றிப் பேசுகிறவனை நம்ப முடியாது என்று வேலையை விட்டு எடுத்துவிட்டார்கள். முதல் பதில் மட்டும் அவன் சொன்னபடியே போயிருந்தால், சென்சாரைப் பற்றி அவர்கள் ஏதாவது பேசித்தான் ஆகியிருக்க வேண்டும். இப்போது யாரும் அதைப் பற்றிப் பேசவில்லை. ஒயர் அப்படியே இருந்தது, வேறு யாரோ ஒருவன் கை அங்கே.

மாதேஷ் ஒரு காலை நேரத்தில் வந்தான். யூனிபார்ம் இல்லாமல் அவனை நான் பார்த்ததில்லை, சட்டென்று அடையாளம் தெரியவில்லை.

"எடுத்துட்டாங்கக்கா" என்றான். "கிருஷ்ணகிரி லேபர் ஆபீசுக்கு ஒண்ணு எழுதணும்."

நாற்காலியைக் காட்டினேன். சார் உள்ளேயிருந்து வந்தார். அவர் காதில் விழுந்திருக்கிறது, முகம் ஒரு மாதிரி இருந்தது. என் மேசை ஓரத்தில் வந்து நின்றார். நான் பெறுநர், அனுப்புநர் அடித்து முடித்து, 'மாதேஷ் ஆகிய நான்' என்று ஆரம்பித்துக் கையை எடுத்தேன்.

"மாதேஷ்" என்றார் சார். "அன்னிக்கு... நான் வந்து..."

நின்றுவிட்டார். அத்தனை நாளில் அவர் தம்முடைய வாக்கியத்தை நடுவில் விட்டு நான் கேட்டதில்லை. மாதேஷ் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டு காத்திருந்தான். யாருக்கும் நேரம் கொடுக்கத் தெரிந்த பையன்.

வழக்கம்போல் அன்று காலையும் அவர் தோழனைப் போட்டுவைத்திருந்தார். என் கை நின்றிருந்ததால் திரையில் சாம்பல் எழுத்து வந்து நின்றது. 'மாதேஷ் ஆகிய நான்' என்பதற்குப் பக்கத்தில், 'இது என்னுடைய கவனக்குறைவால் நேர்ந்தது. பெரிய மனது வைத்து மன்னித்தருளுமாறு...' என்று.

சாரின் கண் அதன் மேல் விழுந்தது. அவர் படிப்பதை நான் பார்த்தேன். ஓசூரில் அந்த வாக்கியம் யாருக்காவது பொருந்துமென்றால் அப்போது அவருக்குத்தான். பார்த்து வாசித்தால் போதும். வாயைத் திறந்தார். உதடு அசைந்தது. என் பக்கம் திரும்பினார்.

நான் எடுத்துக் கொடுக்கவில்லை.

அவர் சட்டைப் பையிலிருந்த பேனாவைத் தொட்டுப் பார்த்துவிட்டு, செருப்பை மாட்டிக்கொண்டு படியிறங்கிப் போனார். டீக்கடைக்குத்தான் போயிருப்பார். நான் சாம்பல் எழுத்தை அழித்தேன்.

"சொல்லு மாதேஷ்" என்றேன்.